கிளாட் தேர்வுக்கு ஏழு மாதம் போதுமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் பிளஸ் ஒன் முடித்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது ஆங்கில வழி. தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில், முடிந்தால் திருச்சியில், ஐந்தாண்டு சட்டப் படிப்பு படிக்க ஆசை. வரும் டிசம்பரில் அதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதலாமா என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு பயிற்சி மையம், "இரண்டு வருடம் இல்லாமல் முடியாது, பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கும் சேராமல் ஒரு வருடம் டிராப் எடுங்கள்" என்கிறது. உறவுக்கார அக்கா, "மூன்று மாதம் போதும், பொது அறிவுதானே" என்கிறார். போன வாரம் கிளாட் 2024 கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போனதில், சட்டப் பகுதியின் நடுவிலேயே இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. 72 கேள்விகளுக்கு விடை எழுதினேன். 45 சரி, 27 தவறு. எனக்கு எத்தனை மாதம் தேவைப்படும்?

பதில்: எதையும் படிக்காமல் முதலில் ஒரு தாளை எழுதிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான தொடக்கம். பெரும்பாலானோர் ஆறு மாதம் படித்த பிறகுதான் முதல் முழுத் தேர்வை எழுதுகிறார்கள். தங்களுக்கு எத்தனை மாதம் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. அக்காவும் பயிற்சி மையமும் உங்கள் தாளைப் பார்க்காமல் சொன்னவர்கள். தாளைப் பார்த்துவிட்டுச் சொல்வதென்றால், நாள் தவறாமல் உட்கார்ந்தால் மே முதல் நவம்பர் வரையிலான இந்த ஏழு மாதம் உங்களுக்குப் போதும். ஆனால் பொது அறிவுப் புத்தகத்தில் தொடங்கினால் போதாது. காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது.

கிளாட் இளநிலைத் தேர்வில் 120 கேள்விகள், 120 நிமிடம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. உங்கள் 45-இலிருந்து 27 தவறுகளுக்கான 6.75-ஐக் கழித்தால் 38.25. பார்த்ததும் மனம் சோர்ந்திருக்கும். ஆனால் தொட்ட கேள்விகளில் நூற்றுக்கு 62 சரியாக இருக்கிறது. இதே துல்லியத்தோடு 115 கேள்விகளைத் தொட்டிருந்தால் 72 சரி, 43 தவறு, மொத்தம் 61.25 வந்திருக்கும். புதிதாக எதையும் கற்காமல், வேகம் ஒன்றினால் மட்டும் 23 மதிப்பெண். அதன்மேல் துல்லியத்தை 75 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் 86 சரி, 29 தவறு, 78.75. இந்த இரண்டு படிகளில் எது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதே உங்கள் கேள்விக்கான கணக்கு.

வேகம்தான் அதிகக் காலம் எடுக்கும். 2020 முதல் கிளாட் முழுக்கப் பத்தி வாசிக்கும் தேர்வாகிவிட்டது. ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள். ஆங்கிலம், சட்டம், தர்க்கம் ஆகிய மூன்று பகுதிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 15 பத்திகள் வரும், அதாவது 6,750 சொற்கள். அவற்றின் கீழே 78 கேள்விகள் என்றும், விடைத்தேர்வுகளோடு சேர்த்துக் கேள்விக்கு 50 சொற்கள் என்றும் வைத்தால் இன்னொரு 3,900. நிமிடத்துக்கு 130 சொல் படிப்பவருக்கு இவற்றை ஒருமுறை வாசிக்கவே 82 நிமிடம் ஆகும். 220 சொல் படிப்பவருக்கு 48 நிமிடம். இடையிலுள்ள அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில்தான் நீங்கள் பார்க்காமலே விட்ட கேள்விகள் கிடக்கின்றன.

நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்யலாம், சதவீதக் கணக்கைப் பத்து நாளில் தூசி தட்டிவிடலாம். வாசிப்பு வேகத்தை மட்டும் கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்துக் கொண்டுவர முடியாது. தினமும் அரை மணி நேரமாக, மாதக்கணக்கில் ஊறித்தான் வரும். மூன்று மாதத்தில் முடித்தவர்கள் பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் கதைப் புத்தகம் வாசித்தவர்கள். அந்தப் பத்து வருடத்தை யாரும் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை.

முதல் தாளில் 75-க்கு மேல் எடுப்பவருக்கு மூன்று மாதம், 60-இலிருந்து 75 வரை எடுப்பவருக்கு நான்கைந்து மாதம், 40-இலிருந்து 60 வரை எடுப்பவருக்கு ஆறேழு மாதம் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே இருந்தால், ஏன் கீழே என்று பார்க்க வேண்டும். எல்லாக் கேள்வியையும் தொட்டும் 38 எடுப்பவருக்கு ஒரு வருடம் தேவைப்படலாம். நீங்கள் ஐந்தில் மூன்று பங்கு தாளைத்தான் பார்த்திருக்கிறீர்கள், அதனால் ஆறேழு மாதக் கூட்டத்தில்தான் சேர்வீர்கள்.

இனி மாதத்தை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு வருவோம். "ஏழு மாதம்" என்பதில் காலாண்டுத் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, தீபாவளி எல்லாம் ஒளிந்திருக்கும். கடந்த சில ஆண்டுகளாகத் தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. மே மாதம் முழுக்க விடுமுறை: நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் 6 நாள், ஐந்து வாரத்தில் 120 மணி. ஜூன் முதல் நவம்பர் வரை 26 வாரங்கள். காலாண்டுத் தேர்வுக்கும் பள்ளித் தேர்வுகளுக்கும் மூன்று வாரத்தை மொத்தமாகக் கழித்துவிடுங்கள். மீதி 23 வாரத்தில் பள்ளி நாள்களில் ஒன்றரை மணி நேரமும் ஞாயிறன்று 4 மணி நேரமும் என்றால் வாரத்துக்கு 13 மணி, மொத்தம் 299. ஆக உங்கள் கையில் இருப்பது சுமார் 420 மணி நேரம். காலை நாலு மணிக்கு எழுந்து நாளைக்கு ஐந்து மணி நேரம் படிப்பேன் என்று அட்டவணை போடாதீர்கள். அது ஜூலையில் உடையும், உடைந்ததும் குற்ற உணர்ச்சியில் பத்து நாள் வீணாகும்.

அந்த 420-இல் ஆங்கில வாசிப்புக்கு 110, நடப்பு நிகழ்வுகளுக்கு 90, சட்டப் பகுதிக்கு 60, தர்க்கத்துக்கு 50, கணக்குக்கு 20 மணி ஒதுக்குங்கள். மீதி 90 மணி, 20 முழு மாதிரித் தேர்வுகளுக்கு: எழுத 2 மணி, அலச இரண்டரை மணி.

வாசிப்புப் பயிற்சிக்கு நல்ல ஆங்கில நாளிதழின் தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் போதும். 450 சொல் அளவுக்குக் குறித்துக்கொண்டு நேரம் பாருங்கள். முடித்ததும் தாளை மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை எதிர்க்கிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான். ஆனால் படிக்கும்போதே வரிக்கு வரி மனத்துக்குள் தமிழாக்கம் செய்வதை நிறுத்த வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நேரம் போவது பெரும்பாலும் இதில்தான். தெரியாத சொல்லில் நின்று அகராதியைத் தேடாதீர்கள், பத்தி முடியட்டும். ஒரு பத்தியில் ஆறேழு சொற்கள் தெரியவில்லை என்றால் அந்த நாளிதழ் இப்போதைக்குக் கடினம். இரண்டு மாதம் எளிமையான செய்திக் கட்டுரைகளில் பழகிவிட்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மே முதல் வாரம் 130 சொல் என்றால் ஆகஸ்ட் கடைசியில் 180, அக்டோபர் கடைசியில் 220 என்று குறி வையுங்கள். வேகம் ஏறும்போது புரிதல் சரிந்தால் அது வேகமாகாது. இரண்டு வரியை எழுத முடிகிறதா என்பதே சோதனை.

நடப்பு நிகழ்வுகள் 28 முதல் 32 கேள்விகள். தேர்வுக்கு முந்தைய ஓராண்டுச் செய்திகளும் அவற்றின் பின்னணியும்தான் பெரும்பாலும் வரும். ஒரு செய்திக்கு நான்கு வரிக் குறிப்பு: என்ன நடந்தது, எந்த அமைப்பு அல்லது சட்டம், எப்போது, இதற்கு முன் என்ன இருந்தது. மகளிர் இடஒதுக்கீடு பற்றி ஒரு செய்தி வந்தால், 2023-இல் வந்த 106-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு, தொகுதி மறுவரையறைக்குப் பிறகே நடைமுறை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பத்தி இன்றைய செய்தியாக இருக்கும், கேள்வி பின்னணியிலிருந்து வரும். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் இதில் இருக்காதீர்கள். படிப்பது போலவே தோன்றும் பொழுதுபோக்கு இது.

இரண்டு வருடப் பயிற்சியில் எனக்கு உள்ள மறுப்பும் இங்கேதான். முதல் வருடம் உருப்போட்ட செய்திகளில் பாதி, தேர்வு வரும்போது பழையதாகிவிடும். அதைவிட, இன்றைய முறையில் வந்த உண்மையான கேள்வித்தாள்கள் 2020-இலிருந்து தொடங்கிக் கைவிரல் எண்ணிக்கைதான். அவற்றை முதல் வருடத்திலேயே தீர்த்துவிட்டால், கடைசி மாதத்தில் உங்களை அளந்துபார்க்க நம்பகமான தாள் இருக்காது. தனியார் மாதிரித் தேர்வுகள் எத்தனை எழுதினாலும் அந்த மொழிநடை வராது. 150 கேள்விகள் இருந்த 2020 முதல் 2023 வரையிலான தாள்களைப் பகுதி பகுதியாகப் பயிற்சிக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். 120 கேள்வியாகக் குறைந்த பிறகு வந்தவற்றில் ஒன்றை ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், மற்றவற்றை அக்டோபர் கடைசிவரை திறக்காதீர்கள். விடைகளைச் சரிபார்க்கும்போது முதலில் வரும் தற்காலிக விடைக்குறிப்பை எடுக்காதீர்கள், இறுதிக் குறிப்பையே எடுங்கள். டிசம்பர் 2024-இல் நடந்த தேர்வின் விடைக்குறிப்பு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-க்கு முந்தைய முறைக்காக அச்சடித்த கைடுகளைப் பழைய புத்தகக் கடையில் விலை குறைவு என்று வாங்க வேண்டாம். லத்தீன் சட்டச் சொற்களும் தலைநகரப் பட்டியல்களும் நிறைந்த அவை வேறொரு தேர்வுக்கானவை.

சட்டப் பகுதிக்கு முன்கூட்டிய சட்ட அறிவு வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே தருவார்கள், அதைச் சம்பவத்தில் பொருத்த வேண்டும். தடுக்கி விழுவது எங்கே என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஏற்புக் கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாதபடி தபாலில் சேர்த்த உடனேயே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார், அதற்கு முன்பு மட்டுமே அவர் முன்மொழிவை விலக்கிக்கொள்ள முடியும். வீட்டை விற்பதாகக் கடிதம் எழுதியவருக்குத் திங்களன்று ஏற்புக் கடிதம் தபாலில் போகிறது. செவ்வாயன்று அவர் போன் செய்து "விற்கவில்லை" என்கிறார். கடிதம் புதனன்றுதான் கிடைக்கிறது. "கடிதமே கைக்கு வரவில்லையே, எப்படி ஒப்பந்தமாகும்?" என்று நம் பொதுப்புத்தி கேட்கும். ஆனால் தந்த விதிப்படி திங்களன்றே அவர் கட்டுப்பட்டுவிட்டார். நியாயம் எது என்று உங்களைக் கேட்கவில்லை, இந்த விதிப்படி முடிவு எது என்றுதான் கேட்கிறார்கள். 60 மணியில் பாதி, இந்தப் பழக்கத்தை மாற்றவே போகும். மீதியில் ஒப்பந்தம், குற்றம், தீங்கியல் (பிறருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), அடிப்படை உரிமைகள் ஆகியவற்றின் எளிய அறிமுகம் படியுங்கள். சொற்கள் பழகியிருந்தால் பத்தி வேகமாக நகரும். வாங்கும் புத்தகம் 2024 ஜூலைக்குப் பிந்தையதா என்று பாருங்கள். அந்த மாதம் 1-ஆம் தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டுவதை ஊர் நிறுத்தாது, ஆனால் சட்டத்தில் அவன் இப்போது 318.

தர்க்கப் பகுதி, ஆங்கில வாசிப்பு ஏற ஏறத் தானாக ஏறும். ஆசிரியரின் முடிவு எது, அதற்கு அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானம் எது என்று தலையங்கத்தின் ஓரத்திலேயே குறித்துப் பழகுங்கள். கணக்கு பத்தாம் வகுப்புத் தரம்: சதவீதம், விகிதம், சராசரி, அட்டவணை வாசிப்பு. 10 முதல் 14 கேள்விகள்தான். உங்களுக்குக் கணிதப் பாடம் இருந்தால் 20 மணி நேரமே தாராளம்.

உங்கள் முதல் தாளில் நடந்த இன்னொரு பிழையைத் திருத்த ஒரு மணி நேரம்கூட வேண்டாம். பகுதிவாரியாக நேரக் கட்டுப்பாடு கிடையாது, எந்த வரிசையிலும் எழுதலாம். வரிசையாகப் போனதால் தர்க்கத்தையும் கணக்கையும் நீங்கள் பார்க்கவே இல்லை. நடப்பு நிகழ்வுகளை 12 நிமிடத்தில் முடியுங்கள். தெரிந்தால் தெரியும், யோசித்து வராது. பிறகு சட்டம் 36, தர்க்கம் 29, ஆங்கிலம் 23, கணக்கு 15 நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம். இது பேனாவும், விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளும் கொண்ட தேர்வு. ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்றாலும் 120 வட்டத்துக்குப் பத்து நிமிடம், அது மேற்சொன்ன நேரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் அதன் வட்டங்களை நிரப்பிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்புகிறேன் என்பவர்கள் ஒரு வரிசை மாறி 30 விடைகளைப் பறிகொடுப்பது உண்டு. வீட்டில் எழுதும் தேர்வையும் போனில் எழுதாமல், ஓஎம்ஆர் நகல் எடுத்து எழுதுங்கள்.

நெகட்டிவ் மார்க்குக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். நான்கில் ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஆறில் ஒரு மதிப்பெண் லாபம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கணக்குப்படி நட்டமில்லை, பதினாறில் ஒரு மதிப்பெண் லாபம்தான். ஆனால் அது பத்துப் பதினைந்து கேள்விகளில் எப்படியும் புரளும், அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

மாதிரித் தேர்வுகள் ஜூனிலும் ஜூலையிலும் மாதம் இரண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மூன்று, அக்டோபரில் நான்கு, நவம்பரில் ஆறு. பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 வரை, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில் எழுதுங்கள். சாப்பிட்டவுடன் வரும் தூக்கத்தோடு எழுதிப் பழகுவதும் பயிற்சிதான். தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு காரணம்: தெரியாது, தவறாகப் படித்தேன், அவசரம், இரண்டு விடைக்கு நடுவில் தடுமாற்றம். நான்கு தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நோய் தெரிந்துவிடும். அலசாமல் எழுதும் 40 தேர்வுகளைவிட அலசிய 20 மேல். ஏழெட்டுத் தேர்வுக்குப் பிறகு மதிப்பெண் சற்றுக் குறையலாம். வேகம் ஏறித் துல்லியம் பின்தங்கும் கட்டம் அது. அந்த இரண்டு மூன்று வாரத்தில் பயிற்சி மையம் மாறுவது, புதுப் புத்தகம் வாங்குவது எல்லாம் வேண்டாம்.

போதுமா போதாதா என்பதைத் தேதி வைத்துச் சோதியுங்கள். ஜூன் கடைசியில் 90 கேள்விகளையாவது தொட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் 105 கேள்வி, 60 மதிப்பெண். அக்டோபர் கடைசியில், கடந்த ஐந்து தேர்வுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் எண் 75-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உச்ச மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு ஒத்துவந்த ஒரு தாள். ஆகஸ்ட் கடைசியிலும் 50-ஐத் தாண்டவில்லை என்றால், பள்ளிப் பாடத்திலிருந்து மணி நேரத்தைக் களவாடி இதில் போடாதீர்கள். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள நம் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கிளாட்டுக்காகப் பிளஸ் டூவைக் கோட்டைவிட்டால் அந்தக் கதவும் சேர்ந்து மூடும். கிளாட் வழியாகப் போவதற்கும் பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

டிராப் பற்றி இப்போதே முடிவெடுக்கத் தேவையில்லை. வயது வரம்பு இல்லாததால் அந்த வழி எங்கும் போய்விடாது. டிசம்பர் தேர்வில் நீங்கள் விரும்பும் கல்லூரியின் கடைசி இடத்துக்குச் சில மதிப்பெண் குறைவாக வந்து, மாதிரித் தேர்வுகளின் கோடு நவம்பரிலும் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னொரு வருடம் பலன் தரும். 400 மணி நேரம் ஒழுங்காகப் போட்டும் கடைசி எட்டுத் தேர்வுகள் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அதே முறையில் இன்னும் ஒரு வருடம் படிப்பது அதே எண்ணைத்தான் தரும்.

விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். தேதியைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் மே மாதமே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கிவிடுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விடுங்கள், விடைக்குறிப்பு பார்க்க வீட்டில் உட்கார வேண்டாம். அந்த வாரமோ அடுத்த வாரமோ அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிடும்.